அக்கவுண்ட்ல விபத்து இன்சூரன்ஸ் இருக்குது, வீட்ல இருக்கிறவங்களுக்கு தான் தெரியல

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க.

நான் பாலக்கோடு பக்கத்துல ஒரு கிராமத்துல மகளிர் குழுவுக்கு கணக்கு எழுதுறவ. குழு பணம் கட்டறதுக்கு, லோன் பேப்பர் கொடுக்கிறதுக்குன்னு பேங்க்குக்கு அடிக்கடி போக வேண்டிய வேலை. உங்க பேப்பர்ல மாவட்டச் செய்தி பக்கத்துல தொப்பூர் கணவாய்ல விபத்து, சூளகிரி பக்கம் லாரி மோதல், காவேரிப்பட்டணம் பக்கம் பைக்ல போனவர் பலின்னு வராத வாரம் கம்மி. இறந்தவங்க பேரு, வயசு, ஊரு, எந்த ஸ்டேஷன்ல விசாரிக்கிறாங்க எல்லாம் வருது, சில நேரம் அரசு நிவாரணம் அறிவிச்சதும் வருது. ஆனா அந்த ஆளோட பேங்க் அக்கவுண்ட்ல விபத்து இன்சூரன்ஸ் இருந்துச்சா, இருந்தா குடும்பம் யார போய் பாக்கணும்னு ஒரு வரி கூட வர்றதில்லைங்க. அத பத்தி தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், வெட்டாம போட்டீங்கன்னா நாலு குடும்பத்துக்கு உதவும்.

நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆளுங்க பொழப்புக்காக ரோட்டுலயே கெடக்குற சனங்க. பென்னாகரம், அரூர் பக்கத்துல இருந்து பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்கும் கம்பி கட்டுற வேலைக்கும் போறவங்க சனிக்கிழம ராத்திரி பஸ்ல நின்னுகிட்டே ஊருக்கு வந்து ஞாயித்துக்கிழம ராத்திரி திரும்ப கிளம்பறாங்க, ஓசூர் கம்பெனிக்கு போற பொண்ணுங்க இருட்டோட எந்திரிச்சு ரோட்டோரம் கம்பெனி பஸ்சுக்கு நிக்கிறாங்க, மாங்கா சீசன் வந்துட்டா டாடா ஏஸ்ல ஆளுங்கள அடைச்சு ஏத்திட்டு போறாங்க. கிருஷ்ணகிரி டவுனுக்கு இப்ப ரயில் கெடையாது, எங்க போகணும்னாலும் பஸ்ஸு இல்லன்னா பைக்கு தான், அதுலயும் சேலத்துல இருந்து வர்ற ஹைவேயும் சென்னைல இருந்து வர்ற ஹைவேயும் வந்து சேர்ற ஊரு அது. இப்படிப்பட்ட எடத்துல டிராவல் இன்சூரன்ஸ்னு பேச்செடுத்தா, அதெல்லாம் பிளைட்ல போறவங்களுக்குன்னு சொல்லிட்டு நகர்ந்துடறாங்க. அவங்க பாஸ்புக்குலயே ஒண்ணு இருக்குதுங்க, மே மாசம் 20 ரூபா கழிச்சதா ஒரு வரி இருக்கும் பாருங்க, அது தான்.

பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனான்னு, சுருக்கமா பி.எம்.எஸ்.பி.ஒய்னு, 2015 மே மாசம் ஆரம்பிச்சது. அப்போ வருஷத்துக்கு 12 ரூபா, 2022 ஜூன்ல இருந்து 20 ரூபா. 18 வயசுல இருந்து 70 வயசு வரைக்கும் சேவிங்ஸ் அக்கவுண்ட் இருக்கிற யார் வேணா சேரலாம், போஸ்ட் ஆபீஸ் அக்கவுண்ட்லயும் சேரலாம். விபத்துல உயிர் போனா 2 லட்சம், ரெண்டு கண்ணோ ரெண்டு கையோ காலோ போய்டுச்சுன்னாலும் 2 லட்சம், ஒரு கண்ணோ ஒரு கையோ காலோன்னா 1 லட்சம். டிக்கெட் வாங்குனாரா, எந்த வண்டில போனாரு, தமிழ்நாட்டுக்குள்ளயா வெளிலயான்னு எந்த கணக்கும் இதுக்கு இல்ல, ஆளு மேல இருக்கிற இன்சூரன்ஸ் இது. இது நம்ம பக்கத்துக்கு ரொம்ப முக்கியம், ஏன்னா லோடு வண்டில ஆள் ஏத்திட்டு போய் கவுந்துச்சுன்னா அந்த வண்டியோட இன்சூரன்ஸ்ல இருந்து இழப்பீடு வாங்குறது பெரும்பாடு, சரக்கு வண்டில ஆள் ஏத்துனது தப்புன்னு கம்பெனிக்காரங்க ஒதுங்கிடுவாங்க, கேஸ் வருஷக்கணக்கா கோர்ட்ல இழுக்கும். அக்கவுண்ட் இன்சூரன்ஸுக்கு அந்த சிக்கல் கெடையாது, கோர்ட்ல வர்ற இழப்பீடு தனி, இது தனி. ரோட்டு விபத்து மட்டும் இல்ல, பாம்பு கடிச்சு செத்தாலும் மரத்துல இருந்து விழுந்து செத்தாலும் உடனே ஆஸ்பத்திரில காட்டுன ரெக்கார்டு இருந்தா இதுல வரும். பஸ்ல போகும்போது மாரடைப்பு வந்தா வராது, தற்கொலைக்கும் வராது. அதையும் தெளிவா சொல்லிடணும், இல்லன்னா பின்னால ஏமாத்திட்டாங்கன்னு பேச்சு வரும்.

ஆனா ஒண்ணு, இது ஜூன் 1ல இருந்து மே 31 வரைக்கும் தான். மே மாசக் கடைசில அக்கவுண்ட்ல அந்த 20 ரூபா இல்லன்னா ஜூன் 1ல இருந்து இன்சூரன்ஸ் நின்னுடும். 100 நாள் வேலை கூலி வர்ற அக்கவுண்ட எடுத்து பாருங்க, கூலி ஏறுன அன்னிக்கே மொத்தமா எடுத்துடுவாங்க, பள்ளிக்கூடம் தெறக்குற நேரம் வேற, நோட்டு யூனிபார்ம் செலவு இருக்கும். ஒரு வருஷம் கழிக்கலன்னா அது நின்னு போச்சுன்னு நேர்ல கூப்ட்டு சொல்ல ஆளு இல்ல, மெசேஜ் வந்தாலும் இங்கிலீஷ்ல வரும், பாதி பேரு அக்கவுண்ட்ல கொடுத்த நம்பர் இப்ப யூஸ்லயே இல்ல. அதே மாதிரி ரெண்டு மூணு அக்கவுண்ட் வெச்சிருந்தா ஒவ்வொண்ணுலயும் 20 ரூபா போகும், ஆனா கிளைம் ஒரு அக்கவுண்ட்ல மட்டும் தான். பெங்களூர்ல காண்ட்ராக்டர் சம்பளத்துக்காக ஒரு அக்கவுண்ட் தெறந்து கொடுத்திருப்பாரு, ஊர்ல ஒண்ணு இருக்கும், ரெண்டுலயும் புடிச்சா 4 லட்சம் வரும்னு நெனச்சிட்டு இருக்கிறவங்க இருக்காங்க. வராதுங்க, ஒண்ண நிறுத்திட்டு ஒண்ண மட்டும் ஒழுங்கா வெச்சுக்கணும்.

இதெல்லாம் நான் எப்படி தெரிஞ்சுக்கிட்டேன்னா மாரண்டஹள்ளி பக்கத்து அக்கா ஒருத்தங்க விஷயத்துல கூட நின்னதால தான். அவங்க வீட்டுக்காரரு கட்டட வேலை. கர்நாடகா எல்லைய தாண்டி அத்திப்பள்ளி கிட்ட ரோட்ட கடக்கும்போது வண்டி அடிச்சு அங்கயே போய்ட்டாரு. காரியம் எல்லாம் முடிஞ்சு கொஞ்ச மாசம் கழிச்சு அக்கவுண்ட்ல மிச்சம் ஏதாவது இருக்கான்னு கேக்க பேங்க்குக்கு வந்தாங்க, நான் குழு பணம் கட்ட வரிசைல நின்னுட்டு இருந்தேன். மெஷின்ல பாஸ்புக் என்ட்ரி போட்டு வந்ததும் என்கிட்ட நீட்டி எவ்ளோ இருக்குதுன்னு பாத்து சொல்லும்மான்னாங்க. பாத்தா ஆயிரத்து சொச்சம் பேலன்ஸு, அதுக்கு மேல மே மாசத்துல பி.எம்.எஸ்.பி.ஒய்னு 20 ரூபா. இது எதுக்கு தெரியுமாக்கான்னு கேட்டா, அவரும் ஒரு தடவ கேட்டாராம், கவர்மெண்ட்ல புடிக்கிறாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம்.

கவுண்டர்ல போய் கேட்டா மொத பதில், 30 நாளுக்குள்ள சொல்லியிருக்கணும், டைம் முடிஞ்சிருச்சுன்னு. ரூல்ல 30 நாள் இருக்கறது உண்மை தான். ஆனா லேட்டா வந்துச்சுங்கற ஒரே காரணத்துக்காக நியாயமான கிளைம தள்ளக்கூடாது, லேட்டானதுக்கு தவிர்க்க முடியாத காரணம் இருக்கான்னு பாக்கணும்னு இன்சூரன்ஸ் கம்பெனிங்களுக்கு அவங்கள கட்டுப்படுத்துற அமைப்பான ஐ.ஆர்.டி.ஏ 2011 செப்டம்பர்லயே சர்க்குலர் போட்டிருக்குது. புருஷன் செத்தவங்க, இன்சூரன்ஸ் இருக்கறதே தெரியாதவங்க, எப்படி 30 நாளுக்குள்ள வருவாங்க? இத படிக்கிறவங்க இது ஒண்ண ஞாபகம் வெச்சுக்குங்க, வாயால முடியாதுன்னு சொன்னா கேட்டுட்டு வந்துடாதீங்க, ஏன் லேட்டுன்னு ஒரு லெட்டர் எழுதி கிளைம் பாரத்தோட கொடுத்து, காப்பில சீல் போட்டு வாங்குங்க. முடியாதுன்னா அதையும் எழுத்துல கொடுக்க சொல்லுங்க. எழுத்துல கேட்ட ஒடனே பேச்சே மாறுது, அத நான் கண்ணால பாத்தேன்.

அடுத்து வந்த பிரச்சன நம்ம பார்டர் மாவட்டத்துக்கே உரிய பிரச்சன. எப்.ஐ.ஆர் கன்னடத்துல, போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் அங்க இருக்கிற ஆஸ்பத்திரிது. இத எங்களால படிக்க முடியாது, மொழிபெயர்த்து நோட்டரி சைன் வாங்கிட்டு வாங்கன்னு சொல்லிட்டாங்க. ஓசூர் போய் கன்னடமும் தமிழும் தெரிஞ்ச வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா ஒருத்தர புடிச்சு எழுதி வாங்குனாங்க. அதுல பேரு எழுத்து மாறியிருந்துச்சு, ஆதார்ல அப்பா பேரோட இனிஷியல், எப்.ஐ.ஆர்ல ஊர் பேரையும் சேத்து எழுதியிருக்காங்க, ரெண்டும் ஒரே ஆளுன்னு வி.ஏ.ஓ கிட்ட சான்று. அதுக்கு மேல நாமினி. கல்யாணத்துக்கு முன்னாடி ஆரம்பிச்ச அக்கவுண்ட், நாமினி அவரோட அம்மா, அந்தம்மா எறந்து ரொம்ப வருஷம் ஆச்சு, அப்புறம் இ-சேவைல வாரிசு சான்றிதழுக்கு போட்டு தாலுகா ஆபீஸ் அலைஞ்சு வாங்குனது. கடைசில 2 லட்சம் வந்துச்சுங்க. அந்த அக்கா ரெண்டு பொண்ணுங்கள வெச்சிருக்காங்க, அந்த பணத்துல வட்டிக்கு வாங்குன கடன அடைச்சது போக மீதிய பொண்ணுங்க பேர்ல டெபாசிட் போட்டாங்க. அன்னிக்கு பாஸ்புக் என்ட்ரி போடாம பேலன்ஸ மட்டும் வாங்கிட்டு அக்கவுண்ட மூடியிருந்தா அந்த 2 லட்சம் யார் கண்ணுலயும் பட்டிருக்காது. எறந்தவரோட அக்கவுண்ட மூட ஒருத்தர் வந்தா, எப்படி எறந்தாருன்னு ஒரு வார்த்த கேக்கணும்னு எந்த பேங்க்லயாவது ரூல் வெச்சிருக்காங்களா? அந்த ஒரு கேள்வி கேட்டாலே போதும்ங்க, கம்ப்யூட்டர்ல எல்லாம் இருக்குது.

இன்னொரு இன்சூரன்ஸ் ஏ.டி.எம் கார்டோட வருது. ஜன் தன் அக்கவுண்டுக்கு கொடுத்த ரூபே கார்டுல விபத்து காப்பீடு இருக்குது, 2018 ஆகஸ்ட் 28க்கு அப்புறம் தெறந்த அக்கவுண்டுக்கு 2 லட்சம், அதுக்கு முன்னாடி உள்ளதுக்கு 1 லட்சம். இதுக்கு தனியா காசு கட்ட வேணாம், 20 ரூபா இன்சூரன்ஸோட சேத்து ரெண்டையும் வாங்கலாம். ஆனா ஒரு கண்டிஷன், விபத்து நடந்த நாளுக்கு முன்னாடி 90 நாளுக்குள்ள அந்த கார்ட ஒரு தடவயாவது யூஸ் பண்ணியிருக்கணும். முன்னல்லாம் எல்லாரும் ஏ.டி.எம்ல எடுத்துட்டு இருந்தாங்க, இப்ப டீக்கடைல இருந்து பஸ் ஸ்டாண்டு பூக்கடை வரைக்கும் ஸ்கேன் பண்ற அட்டை வந்துடுச்சு, கார்டு பீரோல துணிக்கு அடில கெடக்குது. போன்ல ஜிபே பண்றது கார்டு யூஸ் பண்ண கணக்குல வராதுங்க. அதனால எங்க குழுல எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருக்கேன், ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ ஏ.டி.எம்ல போய் 100 ரூபாயாவது எடுத்துடுங்கன்னு. வேற கார்டுங்களுக்கு கண்டிஷன் வேற வேற மாதிரி இருக்கும், அவங்கவங்க பேங்க்ல கேட்டு கார்டு கூட கொடுத்த தாள்ல எழுதி வெச்சுக்கணும்.

ரயில்ல போறவங்களுக்கு ஒரு சேதி. ஐ.ஆர்.சி.டி.சில டிக்கெட் போடும்போது ஆளுக்கு 45 பைசாவுல இன்சூரன்ஸ் வேணுமான்னு ஒரு எடத்துல டிக் கேக்கும். உயிருக்கு 10 லட்சம், ஆஸ்பத்திரி செலவுக்கு 2 லட்சம் வரைக்கும் இருக்குது. ஆன்லைன்ல எடுத்த டிக்கெட்டுக்கு மட்டும் தான், அதுவும் கன்பார்ம் இல்லன்னா ஆர்.ஏ.சி (உக்கார எடம் மட்டும் உறுதியானது) ஆகியிருக்கணும், தர்மபுரி ஸ்டேஷன் கவுண்டர்ல வாங்குறதுக்கு கெடையாது. நம்மூர்ல நெறைய பேரு பிரவுசிங் சென்டர்ல போய் தான் டிக்கெட் போடறாங்க, அவங்க தங்களோட நம்பரையே போட்டுடறாங்க, நாமினி பேரு நிரப்ப சொல்லி வர்ற லிங்க்கு அந்த சென்டர்காரர் போனுக்கு போய் அங்கயே நின்னுடுது. டிக்கெட் போடும்போது என் நம்பர போடுங்க, இன்சூரன்ஸ டிக் பண்ணுங்கன்னு ரெண்டே ரெண்டு வார்த்த சொல்லுங்க.

வெளிநாட்டு சமாச்சாரத்தையும் விட முடியல, ஏன்னா ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் பசங்க வெளில செட்டில் ஆகி, பிரசவத்துக்கு அம்மா அப்பா போறது ரொம்ப சகஜமா ஆயிடுச்சு. எங்க பெரியம்மா ஜெர்மனிக்கு மக வீட்டுக்கு போகும்போது அவங்க பேங்க்ல, உங்க இன்டர்நேஷனல் டெபிட் கார்டுலயே டிராவல் இன்சூரன்ஸ் இருக்குதுங்கம்மா, தனியா எதுக்குன்னு சொல்லிட்டாங்க. அந்த கார்டு பேப்பர வாங்கி படிச்சா பிளைட் விபத்துக்கும் பெட்டி தொலஞ்சா அதுக்கும் தான் இருக்குது, அதுவும் டிக்கெட்ட அந்த கார்டுலயே வாங்கியிருக்கணும், ஒடம்பு சரியில்லன்னு ஆஸ்பத்திரில சேத்தா ஒத்த ரூபா வராது. ஜெர்மனி மாதிரி ஷெங்கன் நாட்டு (ஒரே விசால போற ஐரோப்பா நாடுங்க) விசாவுக்கு 30,000 யூரோவுக்கு கம்மி இல்லாம மெடிக்கல் கவர் காட்டியே ஆகணும், விசா ஆபீஸ்ல இருந்து சொன்னதுக்கு அப்புறம் அதே பேங்க் மூலமா தனி பாலிசி எடுத்தாங்க. அங்கயும் பாரத்த ஸ்டாப் தான் நிரப்புனாங்க, சுகர், பிரஷர் இருக்கான்னு கேட்ட எடத்துல இல்லைன்னு அவங்களாவே டிக் பண்ணிட்டாங்க, இருக்குதுன்னு போட்டா பிரீமியம் ஏறும்னு. பெரியம்மா பத்து வருஷமா சுகர் மாத்திர சாப்டறவங்க. நாங்க கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி பாத்து மாத்த வெச்சோம், இல்லன்னா நாளைக்கு அங்க ஒண்ணு ஆச்சுன்னா மறைச்சுட்டீங்கன்னு கிளைம தள்ளிடுவாங்க, ஸ்டாப் டிக் பண்ணாருன்னு சொல்லி எங்க போய் நிக்கறது? அமெரிக்கா டூரிஸ்ட் விசாவுக்கு இன்சூரன்ஸ் கட்டாயம் இல்ல, ஆனா அங்க ஆஸ்பத்திரி பில்லுக்கு இங்க நெலத்தயே விக்கணும், அதனால அங்க போறவங்க இன்னும் கவனமா எடுக்கணும். பத்தாவது முடிக்காம கல்ப் நாட்டுக்கு வேலைக்கு போறவங்களுக்கு பிரவாசி பாரதிய பீமா யோஜனான்னு 10 லட்ச ரூபா இன்சூரன்ஸ் கட்டாயம், ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபா, மூணு வருஷத்துக்கு 375 ரூபா தான். அந்த பாலிசி பேப்பர் ஏஜென்ட் கிட்டயே கெடக்கும், ஒரு காப்பி வீட்ல இருக்கணும்.

பேங்க்ல வேலை பாக்குறவங்க மேல எனக்கு கோவம் இல்ல, கவுண்டர்ல ரெண்டு பேர் இருந்தா வெளில நூறு பேர் நிக்கிறாங்க. ஆனா வருஷம் 50,000 கட்டுற பாலிசின்னா உள்ள கூப்ட்டு சேர் போட்டு அர மணி நேரம் பேச நேரம் இருக்குது, 20 ரூபா பாலிசிக்கு நாமினி யாருன்னு கேக்க நேரம் இல்லன்னா அத ஏத்துக்க முடியலைங்க. பாஸ்புக் மொத பக்கத்துல தமிழ்ல ஒரு சீல் அடிச்சு கொடுங்கன்னு தான் கேக்கறோம். இந்த அக்கவுண்ட்ல விபத்து காப்பீடு இருக்கிறது, இவ்வளவு ரூபாய், நாமினி பெயர் இது, விபத்து நடந்தால் 30 நாளுக்குள் இந்த கிளைக்கு வரவும். அவ்ளோ தான். கலெக்டர் தலைமையில நடக்குற வங்கியாளர்கள் கூட்டத்துல இந்த திட்டத்துல இத்தன ஆயிரம் பேர சேத்தோம்னு கணக்கு படிக்கிறாங்க, அதே கூட்டத்துல ரெண்டு மாவட்டத்துலயும் எத்தன குடும்பத்துக்கு கிளைம் கொடுத்தோம், எத்தன தள்ளுனோம், ஏன் தள்ளுனோம்னும் படிக்க சொல்லணும். போலீஸ் எப்.ஐ.ஆர் காப்பி கொடுக்கும்போதே பாஸ்புக்க எடுத்துட்டு பேங்க்குக்கு போங்கன்னு சொன்னா அதுக்கு ஒரு நிமிஷம் ஆகுமா? கன்னட பேப்பர தமிழ் பண்ற செலவு, அலைச்சல குடும்பத்து தலைல கட்டாம ஓசூர்லயோ கிருஷ்ணகிரி கலெக்டர் ஆபீஸ்லயோ ஒரு ஏற்பாடு பண்ணி கொடுக்கலாம், பார்டர்ல இருக்கிற மாவட்டம், இது புதுசா வர்ற பிரச்சன இல்ல.

பேங்க்ல பதில் இல்லன்னா எங்க போறதுன்னு கேக்கறவங்களுக்காக சொல்றேன். இந்த 20 ரூபா இன்சூரன்ஸ் அடங்குன ஜன்சுரக்ஷா திட்டத்துக்கு 1800 180 1111, பேங்க் மேல புகாருக்கு ரிசர்வ் பேங்கோட 14448, இன்சூரன்ஸ் கம்பெனி மேல புகாருக்கு 155255. கம்பெனி கிட்ட எழுத்துல புகார் கொடுத்து ஒரு மாசம் ஆகியும் பதில் இல்லன்னாலோ, முடியாதுன்னு எழுதி கொடுத்துட்டாலோ சென்னைல இந்த மாதிரி புகார விசாரிச்சு முடிவு சொல்ற இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் இருக்காரு, பீஸ் கெடையாது, வக்கீல் வேண்டாம், ஒரு வருஷத்துக்குள்ள போடணும்.

ஐயா, உங்க கிட்ட கேக்கறது ரெண்டு. விபத்து செய்தி போடும்போது கீழ ஒரு வரி, இறந்தவரின் வங்கிக் கணக்கில் விபத்துக் காப்பீடு உள்ளதா என குடும்பத்தினர் வங்கிக் கிளையில் விசாரிக்கவும்னு நிரந்தரமா போடுங்க. அப்புறம் வருஷா வருஷம் மே 20 வாக்குல, அக்கவுண்ட்ல 50 ரூபாயாவது விட்டு வையுங்க, நாமினி பேர சரி பாருங்கன்னு தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல ஒரு பெட்டிச் செய்தி, கொஞ்சம் பெரிய எழுத்துல. அந்த பக்கத்த வெட்டி எங்க குழு கூட்டம் நடக்குற சாவடி செவுத்துல ஒட்டறது என் பொறுப்பு.

இப்படிக்கு,
மகளிர் குழு கணக்கு எழுதும் ஒரு வாசகி,
பாலக்கோடு வட்டம், தர்மபுரி மாவட்டம்.